மூன்றாம் டிவிஷன் குழாயில் வெந்நீர்

நடந்ததை யாரிடம் சொன்னாலும், விடுதித் தோழிகள் முதல் வெப்ப இயக்கவியல் எடுக்கும் பேராசிரியர் வரை, "அது எப்படிம்மா முடியும்?" என்றுதான் கேட்கிறார்களே தவிர, அதுவரைக்கும் அந்தக் குழாயில் ஏன் வெந்நீர் வரவில்லை என்று ஒருத்தராவது கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டாமா? நான் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் தேடுகிறேன். முதல் கேள்விக்காரர்கள் வேண்டுமானால் பனிச்சோலைக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

வால்பாறைக்கு மேலே, தேயிலைச் சரிவுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து கிடக்கும் பனிச்சோலை எஸ்டேட்டில், மூன்றாம் டிவிஷன் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு தெருக்குழாய். அதில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். மார்கழியில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் தன்னுடையதா பக்கத்து வீட்டுக்காரியுடையதா என்று தெரியாது. அந்த விரலைக் கொண்டுதான் பெண்கள் பொழுது சாயும் வரை கொழுந்து பறிக்க வேண்டும். சுட வைத்துக் குளிக்கலாமே என்பீர்கள். விறகுக்குச் சோலைக்குள் போக வேண்டும், சோலைக்குள் யானை நிற்கும், போன வருஷம் விறகுக்குப் போன ரோசலினின் புருஷன் விறகில்லாமல், ஒரு கால் முறிந்து, நாலு பேர் தோளில்தான் வீடு திரும்பினார்.

அந்த லைனுக்கு நேர் மேலே இருந்த மேட்டில் எங்கள் கேரவன் நின்றது. என் அப்பா திருமூர்த்தி, பொள்ளாச்சிக்காரர், ஆயுளில் பாதியை அடுத்தவர் வண்டி ஓட்டியே கழித்தவர், ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கட்டில், அடுப்பு, கக்கூஸ், ஷவர், காஸில் எரியும் ஹீட்டர் என்று ஒவ்வொன்றாக வைத்து, ஓடுகிற வீடாக மாற்றியிருந்தார். எஸ்டேட் கம்பெனி தன் பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக்கியதில் அறைகள் போதவில்லை. அதனால் மேனேஜர் சந்திரமோகன், லைன்காரர்கள் இன்னமும் 'தொரை' என்று கூப்பிடுகிற மனிதர், எங்கள் வண்டியை வருஷ ஒப்பந்தம் பேசி வரவழைத்திருந்தார். புது வருஷத்துக்கு ஆட்கள் வருவார்கள், ஷவரில் வெந்நீர் வர வேண்டும், வராவிட்டால் வண்டி வந்த வழியே போகலாம் என்பது அவர் சொன்ன ஒரே நிபந்தனை. செமஸ்டர் லீவில் நானும் அப்பாவுடன் வந்திருந்தேன்.

வந்த அன்று காலையிலேயே தொட்டியை நிரப்பி, ஹீட்டரைப் பற்றவைத்து, அப்பா ஷவரைத் திறந்தார். திறந்த வேகத்தில் வெளியே குதித்தார்.

"கண்ணு, ஹீட்டர் எரியுது. தொட்டியத் தொட்டாக் கை வேகுது. ஷவர்ல எமன் கையாட்டம் சில்லுன்னு வருது. மெக்கானிக்கல் படிக்கறயே, என்னன்னு பாரு."

"மூணாவது வருஷந்தாம்ப்பா. ஷவரெல்லாம் நாலாவது வருஷத்துல."

"வாய்க்கு மட்டும் இப்பவே டிகிரி குடுத்தர்லாம்."

பார்த்தேன். ஹீட்டருக்குள் நுழையாமல் தண்ணீர் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குக் குழாய் உண்டு, அதன் வால்வு திறந்திருந்தால் ஷவருக்குப் பச்சைத் தண்ணீர்தான் போகும், மூடியிருந்தது. வண்டிக்கு வெளியே சேற்றுக் கால் கழுவ ஒரு கைஷவர் உண்டு, அதன் இரண்டு திருகையும் திறந்து வைத்து முனையை மட்டும் அடைத்துவிட்டால் சூடும் குளிரும் உள்ளுக்குள்ளேயே கலந்துவிடும். இரண்டும் இறுக மூடியிருந்தன. தெர்மோஸ்டாட் சரி, பம்ப் சரி, காஸ் நீலமாக எரிந்தது. கடைசியில் தொட்டியிலிருந்து கிளம்பும் குழாயை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். கொதித்தது, கொதித்தது, ஒரு சாண் தூரம் கொதித்தது, அப்புறம் கத்தியால் கோடு போட்டது போல ஓரிடத்தில் சில்லென்று ஆனது. அந்தக் கோட்டில் ஓட்டையில்லை, வளைவில்லை, ஒரு மண்ணுமில்லை. வெந்நீர் அங்கே வரைக்கும் வந்தது, பிறகு வேறெங்கோ போயிற்று.

எங்கே என்பது கீழேயிருந்து வந்த அலறலில் தெரிந்தது.

அலறியது ஸ்டெல்லா அக்கா. கொழுந்து பறிப்பவள், மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி, சாதாரணமாகப் பேசினாலே அடுத்த டிவிஷனில் திரும்பிப் பார்ப்பார்கள். இடுப்பில் ஆவி பறக்கும் குடத்தோடு மேடேறி வந்தாள்.

"அண்ணே, வண்டியில என்னத்தப் பண்ணீக? தண்ணி நின்னு போன கொழாயில வெந்நி வருது!"

அப்பா குடத்துக்குள் விரலை விட்டார், எடுத்தார், வாயில் வைத்துக்கொண்டார். "நம்முளுதுதான்" என்றார், தொலைந்த ஆட்டை அடையாளம் கண்டவர் போல.

உடனே சோதனை நடந்தது. ஸ்டெல்லா அக்கா குழாயடிக்கு ஓடினாள். நான் மேட்டின் விளிம்பில் நின்றேன். அப்பா ஹீட்டரின் திருகில் கை வைத்தார்.

"அணைங்கப்பா!"

"நின்னு போச்சு!" என்றது கீழே.

"போடுங்கப்பா!"

"வருது! வருதுண்ணே! ஆத்தே, கையி வெந்துச்சு! இன்னும் போடுங்க!"

அதற்குள் லைனே குழாயடியில் இருந்தது. யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, யாரும் மயங்கி விழவில்லை, அவரவர் வீட்டுக்குள் ஓடிப்போய் அண்டாவும் வாளியும் சோப்புமாகத் திரும்பி வந்தார்கள். அன்று முதல் மூன்றாம் டிவிஷன் குளித்தது. வருஷக்கணக்காகக் கழுத்து வரைக்கும் மட்டுமே குளித்துப் பழகியவர்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள், அட்டை கடித்துப் புண்ணான கால்களை வாளிக்குள் விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள், மூட்டு மடங்காத சூப்பர்வைசர் முதன்முதலாகச் சப்பணமிட்டார், கம்பளிகள் அழுக்கு நீங்கி அவற்றின் அசல் நிறத்தைக் காட்டியபோது அவை எப்போது பச்சையாக இருந்தன என்று வீட்டுக்குள் வாக்குவாதமே நடந்தது, குளிரில் தண்ணீரைக் கண்டாலே நீலம் பாரித்து அலறும் ஸ்டெல்லா அக்காவின் குழந்தை, குழாய் சத்தம் கேட்டதும் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கக் கற்றுக்கொண்டது.

அந்தோணியார் கெபிக்கு மெழுகுவத்தி வைக்கிறவர் இது அந்தோணியார் வேலை என்றார். மாரியம்மன் கோயில் பூசாரி, வெந்நீரில் அந்தோணியாருக்கு என்ன அனுபவம், கொதிப்பெல்லாம் எங்கள் ஆத்தா இலாகா என்றார். இரண்டு பேரும் ஒரு பிற்பகல் முழுக்கக் கத்திவிட்டு, வெள்ளிக்கிழமை குழாய்க்கு மஞ்சள் கயிறு, ஞாயிற்றுக்கிழமை மெழுகுவத்தி என்று முடித்துக்கொண்டு ஒரே வாளியில் குளித்தார்கள்.

எனக்கு வேறு சண்டை இருந்தது. ஆண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் குழாய்க்குப் போனார்கள், பெண்கள் வழி விட்டார்கள். விடுவேனா? "கொழுந்து பறிக்கிற கை எதுவோ அதுதான் முதல்ல. நீங்க மருந்தடிக்கப் போறது எட்டு மணிக்கு மேல. எந்த நியாயத்துல முன்னால நிக்கறீங்க?" என்று ஆரம்பித்தேன். நான் மூன்றாவது காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள், ஸ்டெல்லா அக்கா தன் குடத்தைக் குழாயடியில் டங்கென்று வைத்தாள், அதன் பின்னால் ரோசலின் அக்கா வைத்தாள், அதன் பின்னால் வரிசை வளைந்து லைன் கோடிவரை போயிற்று. அந்த லைனில் குடம் வைத்தால் வைத்ததுதான். குடத்துக்காரி அடுப்படியில் இருக்கலாம், கோயிலில் இருக்கலாம், பிரசவத்தில்கூட இருக்கலாம், அவள் குடத்தை இன்னொருத்தர் நகர்த்தக் கூடாது. ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றார்கள்.

காரணத்தையும் அந்த வரிசையில்தான் சொன்னார்கள். "வந்த அன்னைக்கு உங்கப்பா என்ன செஞ்சாக தெரியுமா?" என்றாள் ரோசலின் அக்கா, சீயக்காய்த் தலையோடு. "வண்டிக்குத் தண்ணி புடிக்க ஹோஸ எடுத்துக்கிட்டு வந்தாக. எங்க குடத்தயெல்லாம் காலால ஓரமாத் தள்ளிட்டுக் கொழாயில மாட்டுனாக. விருந்தாளியாச்சேன்னு நாங்களும் வாயத் தொறக்கல. தள்ளிப் புடிச்ச தண்ணி தங்குமா? அது வரிசைக்குத்தான் வரும்."

"அக்கா, தண்ணிக்கு வரிசையெல்லாம் தெரியாது. அழுத்தம், வெப்பம், குழாயோட விட்டம்..."

"சொல்லு பாப்பா, கேட்டுக்கிட்டுத்தான இருக்கோம். அப்படியே இந்த முதுகத் தேச்சுக்கிட்டே சொல்லு."

தேய்த்துக்கொண்டே சொன்னேன். ரோசலின் அக்காவின் முதுகு பளபளவென்று ஆயிற்று, என் வாதம்தான் ஒட்டவில்லை.

அப்பாவுக்குப் புது வருஷம் நெருங்க நெருங்கத் தூக்கம் போயிற்று. வண்டியை மலையிறக்கிப் பொள்ளாச்சிக்கு ஓட்டிப்போனார், மெக்கானிக் பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார், பற்றவைத்த நிமிஷத்தில் அப்பாவின் போன் அடித்தது, ஸ்டெல்லா அக்கா.

"அண்ணே, இப்பப் போட்டீகளா? இது பழசவிட ஜோரா வருது!"

ஸ்பீக்கரில் கேட்ட மெக்கானிக் சாவியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, நீங்க மேலயே போயிருங்க, அங்க புள்ளைக காத்துட்டு இருக்குதுங்க" என்றார். வாளித் தண்ணீரில் சுட வைக்கும் ஹீட்டர் கம்பியைப் போட்டுப் பார்த்தோம். வாளி குளிர்ந்தே கிடக்க, மலைமேல் குழாய் கொதித்தது. அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தால் அதுவும் ஏறிப் போயிற்று. சொந்த வண்டிக்குள் ஒரு வாய் சூடான டீக்கு வழியில்லாத அப்பா, திரும்பி வந்த பிறகு தினமும் ஸ்டெல்லா அக்கா வீட்டில்தான் டீ குடித்தார். "என்ற காஸ்ல எஸ்டேட்டே குளிக்குது" என்று புலம்பிக்கொண்டே போவார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ரெண்டாவது டம்ளர் கேட்பார்.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. ஒரு மதியம் ஜீப்பில் வந்தார். ஆவியில் கையை நீட்டினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், அவரும் ஆச்சரியப்படவில்லை. கோபம்தான் பட்டார்.

"லைன் குழாயில வெந்நீர் விட யார் பெர்மிஷன் குடுத்தா?"

"பச்சைத் தண்ணி விட்டப்ப யார் பெர்மிஷன் குடுத்தாங்க சார்?" என்றேன். "உங்க பங்களாவுல ஆளுக்கு ஒரு கீசர் இருக்கு. இவங்க பறிச்ச கொழுந்துலதானே அதுக்குக் கரண்ட் பில் கட்டறீங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "படிச்ச பொண்ணு, யோசிச்சுப் பேசும்மா. குளிக்கிறது பிரச்சினையே இல்லை. பழகிடும், அதான் பிரச்சினை. பழகினதை நாளைக்கு உரிமைன்னு கேப்பாங்க." பிறகு அப்பாவிடம் திரும்பினார். "திருமூர்த்தி, இன்னைக்கே ஹீட்டரைக் கழட்டிடுங்க. வண்டியில சுடற வேலையே வேண்டாம். கெஸ்ட் எல்லாம் பங்களாவுல வந்து குளிச்சுக்கட்டும், டீயும் அங்கேயே குடிச்சுக்கட்டும். கழட்டினா வருஷம் பூரா வண்டி இங்கதான். இல்லேன்னா சாயந்திரமே கிளம்பலாம்."

ஜீப் போனது. அப்பா ஸ்பேனரை எடுத்தார். நான் வண்டிக் கதவில் குறுக்கே நின்றேன்.

"அப்பா, இது அநியாயம்."

"அநியாயந்தாங் கண்ணு. தெரிஞ்சேதான் பண்றேன். இந்த வண்டி போச்சுன்னா மறுபடி இன்னொருத்தன் வண்டிக்குக் கதவு தொறந்து உட்டுட்டு நிக்கோணும். உன்ற காலேஜு என்னாகும்? நீ பேசிச் செயிச்சுருவே, நாந் தோத்தாத்தான் சோறு."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, எதற்குத்தான் இல்லை, ஆனால் அதற்குள் ஸ்டெல்லா அக்கா குழந்தையோடு மேடேறி வந்து நின்றாள். அழுவாள், கெஞ்சுவாள், அப்பா மனம் மாறுவார் என்று நினைத்தேன்.

"கழட்டுங்கண்ணே" என்றாள். "உங்க பொழப்பக் கெடுத்துட்டு நாங்க குளிச்சா அழுக்கு போகுமா?"

எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னக்கா நீங்க? இத்தனை வருஷத்துல முதல் தடவையா வந்த ஒண்ணு. குழந்தை கையை விறைக்க வெச்சுக் குளிப்பாட்டுவீங்களா? மறுபடி யானைக்கு முன்னால விறகு பொறுக்குவீங்களா? இப்படி விட்டுக் குடுத்து விட்டுக் குடுத்துத்தான்..."

"யாரு விட்டுக் குடுத்தா?" என்றாள் அவள், குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு. "ஹீட்டரு அண்ணனோடது, அவுக கழட்டட்டும். வரிசை எங்களோடது. நாளைக்கும் குடம் வைப்போம்."

அப்பா கழற்றினார். ஒவ்வொரு திருகும் வெளியே வரும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசித் திருகில் அவரும் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் விடிந்து பனி விலகாத வேளையில் குழாயடியில் குடங்கள் நின்றன. லைன் கோடிவரை நின்றன, நேற்று வைக்காதவர்கள்கூட வைத்திருந்தார்கள். தண்ணீர் விடும் நேரம் வந்தது, ஸ்டெல்லா அக்கா குழாயைத் திறந்தாள், ஊசி ஊசியாகப் பச்சைத் தண்ணீர் விழுந்தது, குழந்தை ஒரு துளி பட்டதும் வீறிட்டது. யாரும் நகரவில்லை. வேலைக்குச் சங்கு ஊதினார்கள், யாரும் நகரவில்லை. சூப்பர்வைசர், அவரும் ஒரு வாளியோடு நின்றிருந்தவர், சங்கு ஊதிய திசையைப் பார்த்துவிட்டு, கேட்காதவர் போல வாளியைச் சரியாக வைத்தார். நான் அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்தேன், அவருடன் பேசுவதில்லை என்ற முடிவோடு, ஆனால் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

குழாய் இருமியது. காற்று வந்தது, துரு வந்தது, ஒரு நிமிஷம் ஒன்றுமே வரவில்லை, பிறகு குபீரென்று, குழாயின் வாயே கொள்ளாமல், எங்கள் ஹீட்டர் ஒருநாளும் தந்திராத வேகத்தில், வெந்நீர் வந்தது. ஆவி எழும்பி லைனின் ஓட்டுக்கூரைகளை மூடியது, சரிவில் இறங்கித் தேயிலைச் செடிகளைத் தொட்டது. ஸ்டெல்லா அக்கா கூச்சலிட்டாள், குடங்கள் கூச்சலிட்டன, நானும் ஏதோ கத்தினேன், என்னவென்று ஞாபகமில்லை.

அந்த நேரத்தில்தான் மேலே பங்களாவிலிருந்து வேறு வகைக் கூச்சல் கேட்டது. ஒவ்வொரு அறையாகக் கேட்டது. கீசர்களின் சிவப்பு விளக்குகளெல்லாம் எரிய, திருகுகளெல்லாம் திறந்திருக்க, சென்னைக்காரர்கள் தலையிலும் பெங்களூர்க்காரர்கள் தலையிலும் மார்கழி கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு அம்மாள் சால்வையைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்டிக் மக்கோடு இறங்கி வந்தார், ஆவியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கடைசிக் குடத்துக்குப் பின்னால் மக்கை வைத்தார். இன்னும் சிலர் பல் கிட்டித்தபடி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களை முந்திக்கொண்டு மேனேஜர் வந்தார். இடுப்பில் துண்டு, மேலே கோட்டு, தலை முழுக்க ஷாம்பு நுரை, ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை.

"திருமூர்த்தி! என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?"

"சொன்னபடி கழட்டிட்டனுங்க சார்" என்றார் அப்பா, இரண்டு கையாலும் ஹீட்டரைத் தூக்கிக் காட்டி. இவ்வளவு அப்பாவியாக அவர் முகம் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மேனேஜர் நேராகக் குழாய்க்குப் போனார். குனிந்து முதல் குடத்தைக் கையால் தொட்டார். என்னிடம் எல்லா வாதமும் தயாராக இருந்தது, நுனி நாக்கில், வரிசைப்படி, வாயைத் திறந்தேன், அப்பா மெதுவாக என் தோளைத் தொட்டார். அதற்குள் நுரை மேனேஜரின் மறு கண்ணிலும் இறங்கிவிட்டது. குடத்தை விட்டுவிட்டு, காற்றில் கையைத் துழாவிக்கொண்டு, நடுங்கும் குரலில், "ஏய், யாரது குழாய்கிட்ட? நகரு! நான் யாருன்னு தெரியுமா, தெரியாதா?" என்றார்.

ஸ்டெல்லா அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் முதுகில் ஒரு கை வெந்நீரை வழிய விட்டாள், அது சிரித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்தாள்.

"தெரியுமே தொரை" என்றாள். "மக்கு வச்சிருக்காகல்ல, அந்தம்மாவுக்குப் பின்னால நிக்கிறவுக."